காசைத் துளைக்கும் முன் விரலை அளப்போம்

(தோட்ட வாசிகசாலையில் நடைபெற்ற சுயதொழில் வகுப்பின் நிறைவு நாளில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நேரே இங்கு வந்திருக்கும் தாய்மாரைப் பார்க்கிறோம். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி முடிக்கிறோம்.

எமது தோட்டத்து இளைஞர்கள் சிலர் பழைய காசில் மோதிரம் செய்யப் பழகி வருவது உங்களுக்குத் தெரியும். காசின் நடுவில் துளை போட்டு, கூம்பு வடிவமான இரும்புக் கோலில் ஏற்றி, மெதுவாகத் தட்டித் தட்டி மடக்கினால், தட்டையாக இருந்த காசு வளையமாக நிமிர்ந்து விடும். ஓரத்து எழுத்தும் பூவேலையும் மோதிரத்தின் மேலே அப்படியே நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இது புதிய வித்தையும் அல்ல. உலகப் போர்க் காலங்களில் போர்வீரர்கள், பொழுது போகாத நேரத்தில் வெள்ளிக் காசின் விளிம்பைக் கரண்டியால் நாட்கணக்கில் தட்டி மோதிரம் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த வகுப்பில் நாம் ஒரு பிழை விட்டோம். அதை மறைத்து விட்டு இன்றைக்கு உங்கள் முன் நின்று கைதட்டு வாங்க எமக்கு மனம் வரவில்லை. முதலில் அதைச் சொல்கிறோம்.

வகுப்பு ஆரம்பித்த புதிதில், மேற்கணக்கு லயத்துப் பாட்டி ஒருவர் முந்தானையில் முடிந்து இரண்டு வெள்ளி ரூபாக்களைக் கொண்டு வந்தார். இரண்டும் விக்டோரியா ராணி தலை போட்டவை. அவருடைய மாமியார் காலத்தில் இருந்து வீட்டில் இருப்பவை. "ஐயா, இதுல ஒன்ன பேத்திக்கு மோதிரமா அடிச்சிக் குடுங்க. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம்" என்றார். நமக்கும் பெருமையாக இருந்தது. பேத்தி அன்றைக்கு மலையில் வேலை. விரலை அளக்கவில்லை. "பொம்பளப் புள்ள விரல் தானே" என்று கண்மதிப்பில் 19 மில்லிமீற்றர் துளை போட்டோம். தட்டி முடித்துப் பார்த்தால் மோதிரத்தின் உள் சுற்றளவு 66 மில்லிமீற்றர். நல்ல தடித்த ஆம்பிள விரலுக்கு உரிய அளவு. சாயங்காலம் பேத்தி வந்து விரலை நீட்டினாள். 52 மில்லிமீற்றர்!

அவசரத்தில் அதைச் சுருக்கப் பார்த்தோம். சூடு காட்டாமல் மேலும் மேலும் தட்டினோம். 'டிக்' என்று ஒரு சத்தம். விளிம்பில் வெடிப்பு விழுந்து விட்டது.

அந்தப் பாட்டி திட்டவில்லை. "போனது போகட்டுங்க ஐயா. மத்தக் காச மட்டும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லி, மிச்சக் காசை எடுத்து முடிந்து கொண்டு போனார். திட்டியிருந்தால் எமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மோதிரம் என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன், இந்தப் பிழையில் இருந்து நாம் படித்த பாடங்களைக் கேளுங்கள்.

முதலாவது பாடம்: எந்தக் காசைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது.

எமது வீடுகளில் ராணி காசு, ராசா காசு என்று பெட்டியில் கிடக்கும் வெள்ளி ரூபாக்கள் பெரும்பாலும் பழைய இந்திய ரூபாக்கள். இலங்கையில் 1872 தொடக்கம் ரூபா, சதக் கணக்கு வந்தபோது இந்திய வெள்ளி ரூபாவே இங்கும் புழங்கியது. அந்த ரூபாவின் எடை சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. விட்டம் ஏறத்தாழ 30½ மில்லிமீற்றர். ஆனால் எல்லா வருடத்து ரூபாவும் ஒன்றல்ல. 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் வெள்ளி பாதிதான். 1947இல் வந்த ரூபா வெள்ளியே இல்லை, நிக்கல். காந்தத்தைக் கிட்டக் கொண்டு போனால் நிக்கல் ரூபா ஒட்டும், வெள்ளி ஒட்டாது. அதேபோல 1892 தொடக்கம் அடித்த இலங்கை 50 சதம், 25 சதம், 10 சதம் ஆகியவையும் வெள்ளிதான். முதலில் நூற்றுக்கு 80 பங்கு, 1919 முதல் 55 பங்கு. 1943இல் 50 சதம் நிக்கல் கலந்த பித்தளையாக மாறி விட்டது.

ஏன் இவ்வளவு கணக்குச் சொல்கிறோம்? சில காசுக்கு வெள்ளி விலையை விடப் பல மடங்கு விலை உண்டு. 1911ஆம் ஆண்டு ரூபாவில் ஐந்தாம் ஜோர்ஜ் அரசரின் அங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். அது யானை மாதிரி இல்லை, பன்றி மாதிரி இருக்கிறது என்று சனங்கள் முணுமுணுத்ததால் அந்தக் காசை நிறுத்தி, அடித்ததில் பெரும் பகுதியை உருக்கி விட்டார்கள். அடுத்த வருடம் யானையின் தும்பிக்கையைத் தெளிவாகக் காட்டி அடித்தார்கள். ஆகவே 1911ஆம் ஆண்டு ரூபா தேடுவாருள்ள காசு. 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபா அதைவிட அரிது. இப்படி ஒன்றைத் தெரியாமல் துளைத்தால் அது துளைத்ததுதான். துளை போட்ட காசு திரும்பக் காசாகாது. வருடத்தை வாசிக்காமல் எந்தக் காசையும் கையில் எடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் ஸ்கூல் போற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. காசின் நடுவில் இருப்பதெல்லாம் துளையோடு போய் விடும். ராணி ரூபாவில் ராணியின் முகமும், பின்பக்கத்தில் 'ஒரு ரூபா' என்ற எழுத்தும், வருடமும் நடுவில்தான் இருக்கின்றன. மோதிரத்தில் மிஞ்சுவது ஓரத்து எழுத்தோ பூவேலையோதான். "ராணி தலை தெரியணும்" என்று கேட்டு வருபவருக்கு இதை முதலிலேயே சொல்லி விட வேண்டும்.

இப்போது கையில் புழங்கும் நாணயம் எப்படி என்று தம்பிமார் கேட்கிறார்கள். 2017இல் வெளிவந்த 1, 2, 5, 10 ரூபாக்கள் துருப்பிடிக்காத உருக்கு. கையால் தட்டினால் கோல்தான் நெளியும். அதுபோக, தாள் காசை வெட்டுவதும் அதில் கிறுக்குவதும் குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். நாணயம் என்றாலும் நாட்டின் பணம் பணம்தான். ஆகவே புழக்கத்தில் இருக்கும் நாணயத்தில் கை வைப்பதில்லை என்பது எமது வகுப்பின் விதி. பழகுவதற்குச் செம்பு, பித்தளை வாசர் போதும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். பத்து வாசர் சரியாக வந்த பிறகுதான் ஒரு காசு.

இரண்டாவது பாடம்: அளவு.

நகைக்கடை ஆசாரியிடம் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று, இலக்கம் போட்ட அளவு வளையங்களின் கொத்து. அதை விரலில் போட்டுப் பார்த்து, எது சரியோ அந்த இலக்கத்தைக் குறிப்பார். மற்றது, கீழே தடித்து மேலே மெலிந்த அளவுக் கோல். அதில் கோடும் இலக்கமும் வெட்டியிருக்கும். செய்த மோதிரத்தைக் கோலில் போட்டால் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அதன் அளவு. விரலுக்கு வளையம், மோதிரத்துக்குக் கோல். இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் 7 என்றால் உள் விட்டம் 17.3 மில்லிமீற்றர். வேறு நாட்டுக் கோலில் 7 என்றால் அது வேறு அளவு. ஆகவே இலக்கத்தை நம்பாமல் மில்லிமீற்றரில் கதையுங்கள்.

இந்தச் சாமான்கள் இல்லாதவர்கள் என்ன செய்வது? கொப்பித் தாளில் அரை விரல் அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டுங்கள். மோதிரம் இருக்க வேண்டிய இடத்தில் விரலைச் சுற்றி, சேரும் இடத்தில் கோடு போட்டு, அடிமட்டத்தில் வைத்து அளவுங்கள். அது சுற்றளவு. அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம். கணக்குப் போடக் கஷ்டப்படுவோருக்காக ஒரு பட்டியல் தருகிறோம். வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

சுற்றளவு 50 மி.மீ. – விட்டம் 15.9 மி.மீ.
சுற்றளவு 52 மி.மீ. – விட்டம் 16.6 மி.மீ.
சுற்றளவு 54 மி.மீ. – விட்டம் 17.2 மி.மீ.
சுற்றளவு 56 மி.மீ. – விட்டம் 17.8 மி.மீ.
சுற்றளவு 58 மி.மீ. – விட்டம் 18.5 மி.மீ.
சுற்றளவு 60 மி.மீ. – விட்டம் 19.1 மி.மீ.
சுற்றளவு 62 மி.மீ. – விட்டம் 19.7 மி.மீ.
சுற்றளவு 64 மி.மீ. – விட்டம் 20.4 மி.மீ.
சுற்றளவு 66 மி.மீ. – விட்டம் 21.0 மி.மீ.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். விடியற்காலைப் பனியில் பிரட்டுக்குப் போகும்போது விரல் சுருங்கி இருக்கும். வெயிலில் வேலை செய்து வந்தால் வீங்கி இருக்கும். இரண்டு நேரமும் அளந்து நடுவில் எடுங்கள். வலது கைக்காரருக்கு வலது விரல் பெரும்பாலும் கொஞ்சம் தடிப்பு, ஆகவே போடப் போகும் விரலையே அளக்க வேண்டும். வருடக்கணக்காகக் கொழுந்து பறித்த கைக்கு விரல் மூட்டுத் தடித்திருக்கும். அப்படியானவருக்கு அடி விரலையும் மூட்டையும் அளந்து, மூட்டைத் தாண்டக் கூடிய ஆகச் சிறிய அளவை வையுங்கள். அகலமான மோதிரம் இறுக்கமாகத் தெரியும் என்பதால் சுற்றளவில் 1 மில்லிமீற்றர் கூட்டுங்கள்.

அளவுக் கோலை நாமே செய்து கொள்ளலாம். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் தண்டு நல்ல வைரம். அதைக் கூம்பாகச் சீவி, மினுக்கி, 50, 52, 54 என்று வெட்டிய தாள் பட்டிகளைச் சுற்றிப் பாருங்கள். பட்டியின் இரு முனையும் சரியாகச் சேரும் இடத்தில் கோடு போட்டு இலக்கம் எழுதுங்கள். காசு செலவில்லாத அளவுக் கோல்! ஆனால் இது அளக்க மட்டும்தான். தட்டுவதற்கு இரும்புக் கோல் வேண்டும்.

மூன்றாவது பாடம்: செய்யும் முறை.

காசுக்கும் விரலுக்கும் பொருத்தம் பாருங்கள். ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள காசு சராசரி விரலுக்கு இலகுவாக அமையும். வெள்ளி ரூபா பெரிய காசு. பெரிய விரலுக்கு அது சரி. சின்ன விரலுக்கு அதைச் சுருக்குவது கஷ்டம். நாம் மாட்டிக் கொண்டது அங்கேதான்.

துளை நட்ட நடுவில் விழ வேண்டும். காசை வைத்துத் தாளில் வட்டம் கீறி, அதை வெட்டி, நாலாக மடித்துப் பிரித்தால் மடிப்புகள் சந்திக்கும் இடம் நடு. ஒரு மில்லிமீற்றர் தள்ளினாலும் மோதிரம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் வரும். துளையின் விட்டத்தைக் காசின் விட்டத்தில் கழித்துப் பாதியாக்கினால் மோதிரத்தின் அகலம் ஏறத்தாழத் தெரியும். துளை பெரிதானால் மோதிரம் ஒடுங்கும், அளவும் பெருக்கும். ஆகவே முதலில் சிறிதாகப் போடுங்கள். பெருப்பிக்கலாம், சிறுப்பிக்க முடியாது.

அடுத்தது சூடு. வெள்ளியோ செம்போ, தட்டத் தட்ட இறுகும். இறுகியதைத் தட்டினால் வெடிக்கும். அரை இருட்டில் வைத்து, மங்கிய சிவப்பு நிறம் தெரியும் வரை சூடாக்கி, தண்ணீரில் போட்டு எடுத்தால் திரும்பவும் இளகும். ஒரு மோதிரம் முடிய மூன்று நாலு தடவை இப்படிச் செய்ய வேண்டும். நாம் ஒரு தடவையும் செய்யவில்லை. பலன் உங்களுக்குத் தெரியும்.

தட்டுவதற்கு மரச் சுத்தியல்தான். இரும்புச் சுத்தியல் எழுத்தை அழித்து விடும். கோலைச் சுற்றிக் கொண்டே தட்டி, மோதிரத்தை அடிக்கடி தலைகீழாக மாற்றிப் போடுங்கள். கோல் கூம்பு என்பதால் மாற்றாவிட்டால் ஒரு வாய் பெரிதாகவும் மறு வாய் சிறிதாகவும் போய் விடும். நாலு தட்டுத் தட்டி ஒரு தடவை அளவு பாருங்கள். ராவினால் உள் அளவு கொஞ்சம் கூடும் என்பதால் வேண்டிய அளவுக்குச் சற்று முன்னதாகவே நிறுத்துங்கள். பிறகு விளிம்பை அரத்தால் ராவி, சாண்ட் பேப்பர் போட்டு, சாம்பலும் புளியும் வைத்துத் துலக்கினால் வேலை முடிந்தது. ராவும்போதும் தட்டும்போதும் கண்ணாடி போட வேண்டும். நெருப்பு வேலை லயத்துக் காம்பராவுக்குள் வேண்டவே வேண்டாம். காசையும் வெட்டிய துண்டையும் கைப்பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

நாலாவது பாடம்: நாணயம். காசைச் சொல்லவில்லை, நமது நாணயத்தைச் சொல்கிறோம்.

19 மில்லிமீற்றர் துளை போட்டால் வெள்ளி ரூபாவில் இருந்து ஏறத்தாழ 4½ கிராம் வில்லை கழன்று விழும். அந்த வில்லை யாருக்குச் சொந்தம்? காசு கொண்டு வந்தவருக்கு. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் நமக்கு மனம் பொறுக்குமா? அதே மாதிரித்தான் இதுவும். காசை வாங்கும்போது சொந்தக்காரர் முன்னிலையில் நிறுத்து எழுதுங்கள். மோதிரத்தைக் கொடுக்கும்போது வில்லையையும் சேர்த்து நிறுத்துக் கொடுங்கள். அரத்தூள் கொஞ்சம் குறையும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நாளைக்கு வெளியாருக்கு விற்கப் போனாலும் வெள்ளியை வெள்ளி என்றும், பித்தளையைப் பித்தளை என்றும் சொல்லி விற்க வேண்டும். நிக்கல் கலந்த காசு சிலருடைய தோலில் கடியும் கொப்புளமும் உண்டாக்கும். அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

கடைசியாக, மோதிரம் போடுகிறவர்களுக்கு.

தொழிற்சாலையில் ரோலர், பெல்ட் பக்கம் வேலை செய்பவர்கள் மோதிரத்தை வீட்டில் கழற்றி வைத்து விட்டுப் போங்கள். மெசினில் மோதிரம் மாட்டினால் விரலோடு போகும். காசு மோதிரம் தடிப்பம், இலேசில் அறாது. கர்ப்பிணித் தாய்மார் விரல் வீங்குமுன் கழற்றி விட வேண்டும். கையும் முகமும் திடீரென வீங்கி, தலைவலியும் வந்தால் அது மோதிர விசயமல்ல, உடனே மருத்துவமாதிடம் காட்டுங்கள்.

மோதிரம் இறுகிக் கழறாவிட்டால் பதறாதீர்கள். கையைத் தலைக்கு மேலே சிறிது நேரம் உயர்த்தி வைத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, சவர்க்காரமோ எண்ணெயோ பூசிச் சுற்றிச் சுற்றி இழுங்கள். அதற்கும் வராவிட்டால், ஒரு நூலின் முனையை மோதிரத்துக்கு அடியால் உள்ளங்கைப் பக்கம் விடுங்கள். மற்ற முனையை மோதிரத்தின் ஓரத்தில் இருந்து மூட்டைத் தாண்டும் வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு உள்ளே விட்ட முனையைப் பிடித்து விரல் நுனிப் பக்கமாகச் சுற்றி அவிழ்த்துக் கொண்டே வந்தால் மோதிரம் நூலின் மேலே நகர்ந்து வரும். விரல் நீலம் பாய்ந்தாலும், மரத்துப் போனாலும், காயம் பட்டிருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே வெட்டி எடுப்பார்கள். மோதிரம் போனால் வேறு செய்யலாம்.

இனி, அந்தப் பாட்டியின் மோதிரத்துக்கு வருவோம்.

வெடித்த வளையத்தை எடுத்துக் கொண்டு டவுனில் உள்ள ஒரு ஆசாரியிடம் போனோம். அவர் பார்த்து விட்டு எம்மைக் கேட்ட முதல் கேள்வி, "விரல் அளவு என்ன?" என்பதுதான். சொன்னோம். 52க்கு அகலத்துக்காக ஒன்று கூட்டி 53 என்று எழுதினார். 66இல் 53 போனால் 13. சூடு காட்டி இளக்கி, வெடிப்பு விழுந்த இடத்தோடு சேர்த்து 13 மில்லிமீற்றர் துண்டை வெட்டி எடுத்து விட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பற்ற வைத்துத் தந்தார். ஓரத்துப் பூவேலையில் ஒரு பூ குறைவு. மற்றும்படி குறை சொல்ல முடியாது. கூலியை நாமே கொடுத்தோம். அது நாம் விட்ட பிழைக்கான காசு.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்க, மோதிரத்தையும், ராணி முகம் உள்ள வில்லையையும், வெட்டிய துண்டையும் பாட்டியிடம் கொண்டு போய்க் கொடுத்தோம். மூன்றையும் உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். கூடை தூக்கிப் பழகிய கை அல்லவா, எடை தெரியும். "எல்லாம் இருக்குங்க ஐயா" என்றார். மோதிரம் பேத்தி விரலில் இருக்கிறது. வில்லையும் துண்டும் மிச்ச ரூபாவோடு சேர்ந்து அந்த முந்தானை முடிச்சில் இருக்கின்றன.

தம்பி தங்கைகளே, அந்த ரூபா எப்போது கங்காணி கையில் இருந்து வாங்கியது, எத்தனை நாள் மழையில் நனைந்து சேர்த்தது என்று நமக்குத் தெரியாது. பாட்டிக்கே சரியாகத் தெரியாது. ஆகையால் இனி யார் காசைக் கொண்டு வந்தாலும் முதலில் வருடத்தை வாசியுங்கள். இரண்டாவது விரலை அளவுங்கள். மூன்றாவது, "துளைக்கலாமா?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். அதற்குப் பிறகு சுத்தியலை எடுங்கள்.